முதல் பன்னிரண்டு வாரங்கள்

(நாயுடுபேட்டையில் பெண் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்லேன். கட்சி ஏடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் மொழிபெயர்ப்பதே என் பணி. தாய்நலம் பற்றிய துண்டறிக்கைகள் பல என் கை வழியே சென்றிருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கும்போதெல்லாம் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கும். கருவுற்ற பெண் பால் அருந்த வேண்டும், பழம் உண்ண வேண்டும், பகலில் இரண்டு மணி நேரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று அவை எழுதிச் செல்லும். காலை ஐந்தரை மணிக்கு நிறுவனத்தின் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்ணை அவ்வறிக்கைகளை எழுதியோர் கண்டதில்லை போலும். இங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் அப்பேருந்தில் செல்பவர்கள். மேனகூரு, மாம்பட்டு, தடா, ஸ்ரீசிட்டி என்று சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் சுற்றிலும் எழுந்துள்ள இப்பகுதியில், இளம் பெண்களின் கைகளே செருப்பையும் துணியையும் கைபேசியையும் உருவாக்குகின்றன. ஆகவே உங்களுடைய நாளைக் கணக்கில் கொண்டே பேச விரும்புகிறேன்.

முதலில் கணக்கைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கருவின் வயதை மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணினால், மாதவிடாய் தள்ளிப்போன அன்றே நீங்கள் நான்கு வாரம் கடந்தவர். கரு உண்டான 28 நாளுக்குள், அதாவது இக்கணக்கில் ஆறு வாரத்துக்குள், குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழல் மூடிக்கொண்டு விடுகிறது. மூடாமல் நின்றால் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற பெருங்குறைகள் நேரும். ஐயம் தோன்றி, சோதித்து, வீட்டில் சொல்லி, விடுப்பு கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வதற்குள் அந்த ஆறு வாரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கருவுறுவதற்கு முன்னரே, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கி, முதல் பன்னிரண்டு வாரம் வரை தொடர வேண்டும் என்கின்றனர். முந்தைய குழந்தைக்கு இக்குறை இருந்திருந்தாலோ, வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவராயினோ இந்த அளவு போதாது. மருத்துவர் கூடுதலாகத் தருவார். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. கருவுறுமுன் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஃபோலிக் என்ற சொல்லின் வேர் இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். 1941இல் பசலைக் கீரையினின்று பிரித்தெடுத்தமையால் அப்பெயர் வந்தது. இலை அமிலம் என்று தமிழாக்கியிருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்காது என்பதால் விட்டுவிட்டோம்.

இந்த மாத்திரையின் வரலாறு உழைக்கும் பெண்களின் வரலாறாகும். சற்று விரிவாகவே சொல்கிறேன். 1928ஆம் ஆண்டு பம்பாயில் துணியாலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். செங்கொடியின் கீழ் கிர்ணி காம்கார் சங்கம் உருவானது அப்போராட்டத்தின்போதுதான். அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கே உரியது என்பது அவர் வாதம். 1929இல் அம்மசோதா சட்டமாயிற்று. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அந்நகருக்கு வந்து சேர்ந்ததும் 1928இல்தான். துணியாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்கள் கடும் இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்தனர். அதன் காரணத்தைக் கண்டறிவது அவர் பணி. அவர் அப்பெண்களின் சமையலறைக்குள் பார்த்தார். எவள் தட்டில் கீரையும் பழமும் பாலும் இறைச்சியும் இல்லையோ, அவளையே நோய் பற்றியது. வறுமையே நோய்க்காரணம் என்று ஆய்வுக்கூடத்தின் மொழியில் அவர் நிறுவினார் எனலாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அவர் ஆய்வு தொடர்ந்தது. 1931இன் தொடக்கத்தில் சென்னையில், மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலும் பணியாற்றினார். மதுவடிக்கும் தொழிலில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்பட்ட மலிவான மார்மைட் என்னும் பசையைக் கொடுத்தபோது நோயாளிப் பெண்கள் தேறினர். அதில் பொதிந்திருந்த பெயரறியாப் பொருள் நெடுங்காலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கியது. அதுவே ஃபோலிக் அமிலம்.

அதனைச் செயற்கையாக உருவாக்கி, மாத்திரையாக உலகின் கைக்கு எட்டச் செய்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? இம்மாநிலத்துப் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் பயின்றதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றவர். உடன்பிறந்தோர் இருவரை ஸ்ப்ரூ என்னும் வயிற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1945இல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தது. அந்த ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் படித்த மனிதர், பம்பாய் ஆலைப் பெண்களின் இரத்தத்தில் தொடங்கிய ஆய்வை முடித்துவைத்தார் என்பதை இந்த எல்லை நகரத்தில் நின்று சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. நரம்புக்குழல் குறைகளை அது தடுக்கும் என்பது பின்னர்தான் ஐயமற நிறுவப்பட்டது. ஏழு நாடுகளில் 33 மையங்களில், முன்பே இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடையே நடந்த ஆய்வு 1991இல் வெளியாயிற்று. மீண்டும் அக்குறை நேர்வது அதில் 72 விழுக்காடு குறைந்தது.

பம்பாயில் அவர் கண்டது பழங்கதையாகிவிட்டதா? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆந்திரத்திலும் நிலைமை பாதிக்கு மேல்தான். இன்று முதன்மைக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. புறநானூற்றின் இருபதாம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமன்னனின் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, மசக்கையுற்ற மகளிரே உண்பர் என்று அவன் வலிமையைப் புகழ்கிறார். கல்லூரியில் அதை வீரத்துக்குச் சான்றாகவே பயின்றோம். மண்ணும் சாம்பலும் பச்சரிசியும் தின்னத் தோன்றும் அவ்விழைவு இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என்று மருத்துவம் கூறுகிறது. எனவே உங்கள் மருமகளோ தங்கையோ விபூதியையும் செங்கல் பொடியையும் நாடினால், கேலி பேசாமல் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். அரசு தரும் சிவப்பு நிற இரும்பு மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் ஒன்றாக, குறைந்தது 180 நாள் உட்கொள்வதற்கானது. மலம் கறுப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேநீருடனோ தேநீர் குடித்த உடனேயோ விழுங்கினால் இரும்பு உடலில் சேராது. ஆலையில் உணவு இடைவேளையும் தேநீரும் ஒன்றாகவே வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றுடன் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் புதிதாக வாங்க வேண்டியது அதிகமில்லை. ராகிக் களி, முருங்கைக்கீரை, புளிச்சக்கீரை, வேர்க்கடலை, பச்சைப்பயறு, காராமணி, முட்டை, சிறுமீன். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் இலை அமிலமும் சேர்ந்து போய்விடும். இருவருக்காக உண் என்று முதல் மாதத்திலேயே சோற்றைக் குவிப்பார்கள். தொடக்கத்தில் அளவு அவ்வளவாகக் கூடத் தேவையில்லை, வகைதான் கூட வேண்டும். குங்குமப்பூ தின்றால் சிவப்பாகப் பிறக்கும், கறுப்புத் திராட்சை தின்றால் கறுப்பாகப் பிறக்கும் என்பவற்றை என்னென்பது? நிறத்தின்மீது சாதிய மனம் கொண்ட வெறி கருப்பையையும் விட்டுவைக்கவில்லை. முட்டையை விலக்குவதும் அவ்வழியே வந்ததுதான்.

மசக்கை பெரும்பாலும் பன்னிரண்டு, பதினாறு வாரங்களில் தணியும். சிறிது சிறிதாக அடிக்கடி உண்ணுங்கள். எழுந்தவுடன் உலர்ந்த பொரியோ ரஸ்கோ சிலருக்கு உதவும், இஞ்சியும் உதவும். தண்ணீர்கூட நிற்காமல், சிறுநீர் குறைந்து, எடையும் இறங்கினால் அது வெறும் மசக்கை அன்று. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தப்போக்கு, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, மயக்கம், காய்ச்சல் இவற்றுக்குக் காத்திருக்கலாகாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் சில மணி நேரத் தாமதமும் உயிரைக் குடிக்கும். வலிநிவாரணி முதல் முகப்பரு மாத்திரை வரை எதையும் கடைக்காரரிடம் கேட்டு விழுங்காதீர்கள். புகையிலையும் மதுவும் முற்றிலும் கூடா. கணவர் வீட்டுக்குள் புகைக்கும் பீடியும் அக்கணக்கில் அடங்கும். கருத்தரித்ததை அறிந்ததும் ஆஷா பணியாளரிடம் பதிவு செய்யுங்கள். சோதனைப் பட்டை அவரிடமே இலவசமாகக் கிடைக்கும். முதல் வருகையில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்த வகை, எச்.ஐ.வி., மேகநோய், சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இனி ஆலைக்குள் வருவோம். பெண்கள் பணிநேரத்தில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். கழிப்பறைக்குச் செல்லும் நிமிடங்கள் எண்ணப்படுவதே காரணம். இந்த வெயில் நாட்டில், கருவுற்ற உடலில், தண்ணீரையும் சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும். அது சிறுநீரகத்துக்கு ஏறினால் தாய்க்கும் கருவுக்கும் கேடு. இதற்கு மருந்து மாத்திரையில் இல்லை. உற்பத்தி இலக்கை நிர்ணயிப்பவரின் மேசையில் இருக்கிறது.

இரவுப்பணி பற்றி டென்மார்க்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஒரு வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப்பணி செய்தவர்களுக்கு, எட்டாம் வாரத்துக்குப் பின், அடுத்த வாரத்தில் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடுதலாக இருந்தது. செருப்பு ஒட்டும் பசைகளில் உள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்களும், பற்றவைப்பில் பயன்படும் ஈயமும் கருவுக்குத் தீங்கானவை. நீங்கள் கையாளும் பொருள் இன்னது, அதனால் வரும் கேடு இன்னது என்று அறியும் உரிமை போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-பி பிரிவாகச் சேர்க்கப்பட்டது. பல்லாயிரம் பிணங்களின் மேல் எழுதப்பட்ட பிரிவு அது. எத்தனை ஆலைகளில் அப்பட்டியல் தெலுங்கிலோ தமிழிலோ சுவரில் தொங்குகிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆபத்து உண்டு என்று நாம் சொன்னவுடன், அப்படியானால் மணமான பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை என்று நிர்வாகம் கைவிரிக்கும். அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம் ஈயத்தைக் காரணம் காட்டி, பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் அனைவரையும் அப்பணிகளிலிருந்து விலக்கியது. ஈயம் ஆணின் விந்தையும் கெடுக்கும். ஆண்களை அது விலக்கவில்லை. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. 1991 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடை பாகுபாடே எனத் தீர்ப்பளித்தது. நம் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நாம் கோருவது பெண்ணை வெளியேற்றுவதை அன்று, நஞ்சை வெளியேற்றுவதை.

சட்டம் என்ன தருகிறது? 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் 26 வார ஊதிய விடுப்பு தந்தது. இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கருச்சிதைவுக்கு ஆறு வார ஊதிய விடுப்பு உண்டு. கருவுற்றதால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம் உண்டு. கருவுற்ற காலத்தில் வேலைநீக்கம் செய்தாலும் பேறுகால உதவித் தொகையைப் பறிக்க முடியாது. ஒப்பந்தக்காரரின் கீழிருப்பவள் என்று தட்டிக்கழிப்பார்கள். தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என்று டில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்துள்ளது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இப்பிரிவுகள் இடம்பெற்றுள்ளன. ஆனால் கவனியுங்கள்: நெடுநேரம் நிற்கும் வேலையையும் கடும் உழைப்பையும் மறுக்கும் உரிமை, பேறுகாலத்துக்குப் பத்து வாரம் முன்பிருந்துதான் தொடங்குகிறது. கரு மிகவும் மென்மையாக இருக்கும் முதல் பன்னிரண்டு வாரங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. வயிறு வெளியே தெரிந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதோ என்று அஞ்சிப் பெண்கள் கருவுற்றதை மறைப்பதும் அந்த வாரங்களில்தான். ஆகவே பதிவுச்சீட்டைக் காட்டிய நாள் முதல் இரவுப்பணியிலிருந்தும் கரைப்பான் பிரிவிலிருந்தும் ஊதியக் குறைவின்றி மாற்றுப்பணி, அமர்ந்து செய்ய இருக்கை, எண்ணிக்கையற்ற கழிப்பறை இடைவேளை என்பன நம் கோரிக்கைப் பட்டியலின் முதலிடத்துக்கு வர வேண்டும். கூலி உயர்வுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்னும் ஆண் தோழர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

அரசின் பங்கையும் பாருங்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்கிறது. 2017இல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு மட்டும், ஐயாயிரமாகச் சுருக்கியது. பிறகு இரண்டாவது பெண்ணாக இருந்தால் மட்டும் ஆறாயிரம் என்றது. எல்லையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குச் சென்றால் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்படப் பதினெட்டாயிரம். ஒரே பேருந்தில் வேலைக்கு வரும் இரு பெண்களுக்கிடையே இத்தனை வேறுபாடு. அந்த உணவையும் மாத்திரையையும் உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும் அங்கன்வாடி ஊழியர்கள் 2023 டிசம்பர் 12 முதல் இம்மாநிலத்தில் 42 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு 2024 ஜனவரி 6 அன்று அவர்கள்மீது எஸ்மாவை ஏவியது. அவர்கள் வேலை அத்தியாவசியமாம், அவர்கள் ஊதியம் மட்டும் அத்தியாவசியமன்று!

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. தெரியவரும் கருக்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் தாமாகவே கலைந்துவிடுகின்றன. தொடக்கத்தில் கலைபவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழை. பப்பாளித் துண்டோ, தூக்கிய குடமோ, கோயிலுக்குப் போகாததோ அன்று. தனிப்பட்ட ஒரு பெண்ணின் இழப்புக்கு இன்ன காரணம் என்று யாராலும் எளிதில் கூறிவிட முடியாது. அவ்வாறு இழந்த பெண்ணை, நீ ஏன் வேலைக்குப் போனாய் என்று கேட்கும் வாய்கள் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன. சில வேளைகளில் அவை நம் வாய்களாகவும் இருக்கின்றன. அவளுக்குரியது ஆறு வார விடுப்பும், உடல் தேறும் உணவும், பக்கத்தில் ஒருவர் இருத்தலும்தான்.

உரை நீண்டுவிட்டது. தாய்சேய் நல அட்டையும் ஈ.எஸ்.ஐ. படிவமும் இங்கே தெலுங்கில்தான் தருகிறார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அவற்றை எடுத்துவந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். கடைசிப் பேருந்து புறப்படும்வரை இருக்கிறேன், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.